ஒரு கறுப்பு கீழே

திங்கட்கிழமை காலையில் பென்சில் சீவுவது தங்கமணியின் வேலை. மைலோ டின்னில் நிற்கும் கலர் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாதி பிளேடால் முனை ஊசிபோல் வரும்வரை சீவி, தூளைப் பழைய பேப்பரில் தட்டி மடித்துக் குப்பையில் போடுவாள். மேசை ஓரத்தில் திருகிச் சீவுகிற மெஷின் ஒன்று இருந்தது. அது பென்சிலைத் தின்றுவிடும் என்று அவள் அதைத் தொடுவதில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா எல்லாம் இரண்டிரண்டு. நீலம் மட்டும் ஆறு. நீலம்தான் சீக்கிரம் தேயும்.

1977இல் அவள் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபது. கடலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் எங்கே இருக்கலாம் என்று தேடுகிற அலுவலகம். கோலாலம்பூரில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. "ஆயில் கம்பெனி" என்று அம்மா மாரியாயி அக்கம்பக்கத்தில் சொன்னபோது, ஏதோ நல்லெண்ணெய் வியாபாரம் என்று நினைத்தவர்களும் உண்டு. தீபாவளிக்கு இரண்டு போத்தல் கிடைக்குமா என்று ஓர் அம்மாள் கேட்டே விட்டாள்.

வேலை இதுதான். திரெங்கானுக் கடலில் ஒரு கப்பல் நேர்கோடு பிடித்துப் போகும். போகும் வழியெல்லாம் தண்ணீருக்குள் காற்றை வெடிக்கவைத்துச் சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கடலடிக்குக் கீழே இறங்கி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். கப்பல் பின்னால் இழுத்துவரும் நீண்ட கேபிள் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். பதிவெல்லாம் சிங்கப்பூரில் கம்ப்யூட்டருக்குள் போய், ஆள் உயர நீளக் காகிதச் சுருளாக வெளியே வரும். கப்பல் போன ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சுருள். அதில் மேலிருந்து கீழ்வரை கறுப்பும் வெள்ளையுமாக வரிகள்.

முதல்நாள் அந்தச் சுருளை மேசையில் விரித்தபோது தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, சிரிப்பு?" என்றார் பிரிவுத் தலைவர் யோகநாதன்.

"ஒண்ணுமில்ல சார். எங்க வீட்டுப் பின்னால யார்டு மாதிரியே இருக்கு."

அவள் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். துணி காயப்போடப் பின்கட்டுக்குப் போனால் கண்ணுக்கு எட்டியவரை தண்டவாளம். அப்பா சின்னையா அங்கே பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்று நெம்புகோலை இழுத்து மாற்றிவிடுகிறவர். அவர் சட்டை துவைத்த தண்ணீர் எப்போதும் கறுப்பாகவே போகும்.

யோகநாதனும் பிரிக்பீல்ட்ஸ்தான். ஆனால் ஸ்காட் ரோடு பக்கம், கந்தசுவாமி கோயிலுக்கு நாலு வீடு தள்ளி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்கக் குமாஸ்தா, லண்டனில் படிப்பு. யார்டில் வண்டி உறுமும் சத்தம் இருவர் வீட்டுக்கும் கேட்டிருக்கும். தங்கமணி வீட்டுக் கண்ணாடிக் குவளை மட்டும்தான் அதில் நடுங்கும்.

யோகநாதனின் வேலை, அந்தக் கறுப்பு வரிகளில் ஒன்றைப் பிடித்து, எல்லாச் சுருள்களிலும் அதே வரியைத் தொடர்ந்து போவது. மெல்லிய பென்சிலால் தன் காகிதத்தில் இழுத்துக்கொண்டே போவார். கோடு முடிகிற இடத்தில் தேதியை எறும்பு எழுத்தில் போடுவார். அதைப் பார்த்து அலுவலகப் பிரதியில் கலரில் தீட்டுவது தங்கமணி. முக்கியமான வரிக்கு நீலம். மணல்பாறையின் உச்சி அது, எண்ணெய் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

கப்பல் நெடுக்காகவும் போகும், குறுக்காகவும் போகும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சுருளைச் சரியாக மடித்து மற்றதன்மேல் வைத்தால் வரியோடு வரி பொருந்தவேண்டும். இதில் நீலம் என்றால் அதிலும் அதே கறுப்பு வரிதான் நீலம். இப்படிப் பொருத்திப் பொருத்திச் சுற்றி வந்தால், புறப்பட்ட இடத்தில் புறப்பட்ட வரிக்கே வந்து சேரவேண்டும். பக்கத்து வரியில் வந்து நின்றால், வழியில் எங்கோ தப்பு.

இந்த மடிப்பில் தங்கமணியை யாரும் மிஞ்சவில்லை. கரையோடு கரை சேர்த்துப் பட்டுச்சேலை மடிக்கிற கை. மூன்றாவது வருடத்தில் அவளே யோகநாதனிடம் சொன்னாள்: "சார், இருபத்திரண்டாம் கோட்டுல பாயிண்ட் மாறிடுச்சு."

"என்னது?"

"ஒரு லைன் மேல போயிட்டீங்க சார். இந்தப் பிளவு இருக்குல்ல, இத தாண்டும்போது."

அடுக்குகள் சில இடங்களில் வெட்டுப்பட்டு ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பிளவைத் தாண்டும்போது எந்த வரி எந்த வரியின் தொடர்ச்சி என்பதில்தான் கண் ஏமாறும். யோகநாதன் மடித்துப் பார்த்தார். அழிரப்பரை எடுத்தார். அன்றிலிருந்து அந்த அறையில் அந்தத் தப்புக்குப் பெயர் "பாயிண்ட் மாறிடுச்சு" என்றாகிவிட்டது. பிரிண்ட் எடுக்கும் மலாய்க்காரப் பெண்கூடச் சொல்வாள், "தங்கா, பாயின் மாரி ஆ?"

அந்தப் பேச்சுக்கு வீட்டில் ஒரு கதை உண்டு. 1955இல் சின்னையா பாயிண்டைத் தப்பாக மாற்றிவிட்டு, ஓர் இன்ஜின் நேரே மணல்மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரத் துரை வந்து கேட்டதற்கு, "விளக்கு அணைஞ்சு போச்சு துரை" என்றாராம். அப்போது மணி பகல் இரண்டு. துரை வானத்தைப் பார்த்தாராம், சின்னையாவைப் பார்த்தாராம், போய்விட்டாராம். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் சோறு குழைந்தாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும் முதல் கேள்வி, "ஏன், விளக்கு அணைஞ்சு போச்சா?"

1980இல் தங்கமணிக்குக் கல்யாணம். வேலாயுதம் கிள்ளான்காரர். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அதற்குப் பிறகு தினமும் கிள்ளானிலிருந்து பஸ். காலையில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். தலைவாரி, பூ வைத்து, மோட்டார்சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு ஓடுவாள். ஒன்பதாவது மாடியில் ஏறியதும் பிரிண்ட் மெஷினின் அமோனியா நெடி மூக்கில் ஏறும். லீவு நாட்களில் அந்த நெடி இல்லாமல் தலையே தெளியவில்லை என்பாள்.

1984 தொடக்கத்தில் யோகநாதன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டெக்னீஷியன் போஸ்ட் ஒண்டு வருகுது. நீர் எழுதிப் போடும்."

"நானா சார்? அதெல்லாம் ஆம்பளைங்க..."

"நிறம் தீட்டுறதுக்கா உம்மை வெச்சிருக்கிறன்? கோடு இழுக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்த வேலை. எழுதிப் போடும்."

அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். கால் வலிக்கவில்லை. சொந்தமாகக் கோடு இழுப்பது. யாரோ இழுத்ததன்மேல் கலர் போடாமல், தானே வரியைத் தேடிப் பிடித்துப் போவது. அதைத்தான் அவள் விரும்பினாள். வேலாயுதத்திடம் சொன்னபோது, "டெக்னீஷியன்னா டிவி ரிப்பேர் பண்ணுவியா?" என்றார். பிறகு மூன்று நாள் கழித்து, கேட்காமலேயே, துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

மார்ச் மாதம் யோகநாதனின் தாயார் தைப்பிங்கில் காலமானார். பத்து நாள் அவர் வரவில்லை. மேசைமேல் பதினாலாம் கோட்டின் புதுச் சுருள் கிடந்தது. மூன்றாவது நாள் போன் செய்தார்.

"பதினாலை நீரே இழுத்து முடியும். நான் வந்து பாக்கிறன்."

தங்கமணி இழுத்தாள். அதில் மேற்குப் பக்கம் ஒரு பெரிய பிளவு. அந்த இடத்தில் வரிகள் கலங்கி, கஞ்சி சிந்தியதுபோல் இருந்தன. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வரியைத் தேர்ந்து நீலத்தைத் தொடர்ந்தாள். யோகநாதன் திரும்பி வந்து, மொட்டைத் தலையோடு ஐந்து நிமிடம் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். மூலையில் கையெழுத்துப் போட்டார்.

எல்லாச் சுருள்களையும் சேர்த்து வரைபடம் போட்டதும்தான் தெரிந்தது. நாலு பக்கமும் சரிந்து, கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஒரு மேடு. கிண்ணத்துக்குள் காற்று தங்குவதுபோல எண்ணெய் அங்கே தங்கும். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் எல்லாம் ஒழுகிப் போய்விடும். இதில் நாலும் மூடியிருந்தது. வரைபடத்தில் முட்டைபோல் வளையம். அதற்கு அறையில் பெயரே முட்டை.

"முட்டைய எப்ப உடைக்கப் போறீங்க?" என்பாள் மார்க்கிரட். யோகநாதனின் டைப்பிஸ்ட். வாய் அதிகம். "எனக்கு ஒரு ஆம்லெட் லா."

மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அங்கே துளையிடலாமா என்று முடிவு செய்ய ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் டெக்னீஷியன் வேலைக்கான இன்டர்வியூ.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் சிங்கப்பூரிலிருந்து கடைசிச் சுருள் வந்தது. கடல் மோசமாக இருந்ததால் கப்பல் மறுபடி போய் எடுத்த முப்பத்தொன்றாம் கோடு. மேற்கு ஓரத்தில் எல்லாவற்றையும் வெட்டிப் போவது. தங்கமணி மடித்தாள். பொருத்தினாள். ஐந்து சுருள்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்தாள்.

ஒரு கறுப்பு கீழே நின்றது.

மறுபடி சுற்றினாள். எதிர்த்திசையில் சுற்றினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எந்த வழியாக வந்தாலும் தப்பு ஒரே இடத்தில்தான். பதினாலாம் கோடு, மேற்குப் பிளவு. அவள் ஒரு வரி கீழே போய்விட்டிருந்தாள். அதைச் சரிசெய்தால் மேற்கே அடுக்கு சரியவில்லை, மேலேறிக்கொண்டே போகிறது. முட்டையின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது.

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வேலாயுதத்திடம் சொன்னாள்.

"நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"ஓட்டை போட்டா தெரியும்ங்க. தண்ணிதான் வரும்."

"அது எப்ப? அடுத்த வருஷம்? அதுக்குள்ள உனக்கு வேலை கிடைச்சிடும்."

"சாரு கையெழுத்துப் போட்டிருக்காரு அதுல."

"அப்பறம் என்ன? அவரு பாடு. கேட்டா உங்க அப்பா சொன்ன மாதிரி விளக்கு அணைஞ்சு போச்சுன்னு சொல்லிடு லா."

இருவரும் சிரித்தார்கள். அவள் சட்டியைக் கவிழ்த்தாள். கவிழ்த்ததை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்து மறுபடி கவிழ்த்தாள்.

"நாளைக்குச் சொல்லிடறேங்க."

"சொல்லுவேன்னு தெரியும்" என்றார் வேலாயுதம். "இன்டர்வியூக்குச் சேலை வாங்கினியே, அத தீபாவளிக்குக் கட்டிக்க."

மறுநாள் யோகநாதனின் அறையில் சுருள்களை விரித்து மடித்துக் காட்டினாள். குனிந்து பார்த்தார். தானே மடித்தார். சிகரெட் பற்றவைத்தார். வெட்டுமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஓம்" என்றார். "வெச்சிட்டுப் போம்."

"என்னாலதான் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முட்டை கைவிடப்பட்டது. திங்கட்கிழமை அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது மார்க்கிரட் வந்து பக்கத்தில் நின்றாள். வாய் வழக்கம்போல் ஓடவில்லை.

"தங்கா, கூட்டத்து மினிட்ஸ் டைப் பண்ணேன். சொல்லக் கூடாது, சொல்றேன். வரையற ரூமில நடந்த தப்புன்னு யோகநாதன் சார் எழுதச் சொல்லிட்டாரு. உன் பேரு இல்ல. ஆனா அந்த ரூமில பதினால யாரு போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

"தப்பு என்னுதுதானே அக்கா."

"கையெழுத்து யாருது?"

தங்கமணி பிளேடை அழுத்தினாள். பென்சில் முனை உடைந்துவிட்டது. மறுபடி சீவினாள்.

இன்டர்வியூக்கு அழைப்பு வரவில்லை. மதியம் யோகநாதன் வரையும் அறையின் வாசலில் நின்று, உள்ளே வராமல் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு நீர் கோடு இழுக்க வேண்டாம். நிறம் மட்டும் போடும். பிறகு பாப்பம்."

அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருடம் ஆனது. புதிதாக வந்த பையன்கள் இழுத்த கோடுகளின்மேல் அவள் நீலம் தீட்டினாள். பாயிண்ட் மாறிய இடங்கள் கண்ணில் படும். சொல்வாள். "டேங்க்ஸ் அக்கா" என்று அழித்துவிட்டுத் திருத்துவார்கள். அவள் யாரையும் குறை சொன்னதில்லை. வீட்டில் பேச்சு வந்தால், "கண்ணு ஏமாந்துடுச்சு, அதுக்குத் தண்டனை" என்பாள், பருப்பு தீய்ந்ததைச் சொல்வதுபோல. மகள் பிறந்தாள். சின்னையா இறந்தார். குவார்ட்டர்ஸை ரயில்வே திருப்பி எடுத்துக்கொண்டது. அவள் கைக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் திரெங்கானுக் கடலை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்த கடல் போர்ட் டிக்சன்தான், அதுவும் வேலாயுதத்தின் லோரியில் போய்.

1989இல்தான் டெக்னீஷியன் ஆனாள். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் யோகநாதன். "பிந்திப் போச்சு" என்றார். அவள் நன்றி சொன்னாள். அதற்குள் திரைகள் வந்துவிட்டன. சுருள் கிடையாது, மடிப்பு கிடையாது. எலியை நகர்த்தினால் வரியைக் கம்ப்யூட்டரே பிடித்துக்கொண்டு ஓடும். பிரிண்ட் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன அன்று, அந்த இடத்துத் தரையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். அமோனியா நெடி மட்டும் ஒரு வருடம் சுவரிலேயே இருந்தது. அவள் திரையிலும் நன்றாகத்தான் இழுத்தாள். மைலோ டின்னை மட்டும் எடுக்கவிடவில்லை. சில திங்கட்கிழமைகளில் தேவையே இல்லாமல் நீலத்தைச் சீவுவாள்.

1995 டிசம்பரில் யோகநாதனுக்கு ஓய்வு. விருந்து முடிந்து, சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தாகிவிட்டது. அறையைக் காலிசெய்ய உதவமுடியுமா என்று தங்கமணியைக் கேட்டார். பழைய காகிதமெல்லாம் வெட்டிப்போட ஆள் வருகிறான், வேண்டியதைப் பிரித்து வைக்கவேண்டும்.

யோகநாதன் கணக்குப் பிரிவுக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தார். தங்கமணி வரைபட அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசி இழுப்பறையில், மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், எட்டாக மடித்த ஒரு சுருள். விரித்தாள். பதினாலாம் கோடு. அலுவலகப் பிரதி இல்லை, அவருடைய சொந்தப் பிரதி. பதினாலுக்கும் அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அதில் கலர் இல்லை. மெல்லிய பென்சில் கோடு மட்டும். கிழக்கிலிருந்து வந்து, மேடேறி, மேற்குப் பிளவைத் தாண்டியது. தங்கமணி குனிந்து பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரலால் வரிகளை எண்ணினாள்.

ஒரு கறுப்பு கீழே.

கோடு முடிகிற இடத்தில் எறும்பு எழுத்து. 2.3.84. அவர் தைப்பிங் போனதற்கு மூன்று நாள் முன்னால்.

அவரும் அதே இடத்தில் அதே தப்பைச் செய்திருக்கிறார். அவளுக்கு முன்பே செய்திருக்கிறார். வந்து ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டது அதனால்தான். அவள் கோடு அவர் கோட்டோடு பொருந்தியது. பிறகு அவள் வந்து "என்னாலதான் சார்" என்றபோது, இந்தக் காகிதம் இந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது.

யோகநாதன் உள்ளே வந்தார். மேசைமேல் விரித்திருந்ததைப் பார்த்ததும் நின்றார். கையில் தேநீர்க் கோப்பை. அதைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"இது உங்க கோடுதானே சார்?" தங்கமணியின் குரல் உயரவில்லை. வீட்டுக்காரரிடம் சாவி எங்கே என்று கேட்பதுபோல் கேட்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கினார். தேதியைப் பார்த்தார்.

"அந்த இடம் சரியான குழப்பம்" என்றார். "ஆர் பாத்தாலும் கீழதான் போவினம்."

"ஆமா சார். நானும் கீழதான் போனேன்."

"அந்த நேரம் இந்த அறையில லைட்டும் சரியில்லை. நினைவிருக்கோ? டியூப் லைட் விட்டுவிட்டு எரியும்."

தங்கமணி ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு வரும்போலிருந்தது. அப்பா, துரை, பகல் இரண்டு மணி. அந்த அறையில் சுவருக்குச் சுவர் ஜன்னல். வெயிலுக்குத் திரை போட்டுத்தான் உட்காருவார்.

அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, கோப்பையை அலமாரிமேல் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிவிட்டிருந்தது. காதோரம் சவரம் சரியாக விழவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக "நீர்" என்பதை விட்டுவிட்டுப் பேசினார்.

"நீங்கள் ஒரு நாளும் என்னட்டக் கேக்கேல்லையே, தங்கமணி. கையெழுத்து உங்கடதுதானே எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். ஏன் கேக்கேல்லை?"

தங்கமணி சுருளைப் பழைய மடிப்பின்மேலேயே மடித்தாள். வெட்டுமிடம், ஓரம், மறுபடி ஓரம். கரையோடு கரை சேர்ந்ததா என்று விரலை ஓட்டிப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய், வெட்டிப்போடும் கட்டில் வைக்காமல், அவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் பெட்டியில், சுவர்க் கடிகாரத்தின்மேல் வைத்தாள்.

"ஏன் கேக்கேல்லை?" என்றார் மறுபடி.

புதிதாக விட்ட கிள்ளான் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தங்கமணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.